ஒரு மடக்குத் தண்ணீர்

பாட்டிக்கு 78 வயது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. முந்தின நாள் இரவு இரண்டு இட்லி சாப்பிட்டதோடு சரி. "பத்து மணிக்கு மேல பச்சத் தண்ணி பல்லுல படக் கூடாது" என்று வார்டில் சொல்லிவிட்டார்கள். லிஸ்டில் அவர் மூன்றாவது கேஸ். முதல் கேஸ் இழுத்துக்கொண்டே போனது. நடுவில் ஒரு அவசர சிசேரியன் வந்தது. நான் அவரைப் பார்க்கப் போனபோது மதியம் ஒன்றரை மணி. மகள் முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து அம்மாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முந்தானையைச் சட்டென்று பின்னால் மறைத்துக்கொண்டார். முறிந்த இடுப்பின் வலியைப் பாட்டி சொல்லவே இல்லை. "தம்பி, ஒரு மடக்கு குடுப்பா. கொப்புளிச்சுத் துப்பிடுறேன், முழுங்க மாட்டேன்" என்றார். "இன்னும் கொஞ்ச நேரந்தான் பாட்டி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மேஜைக்கு அவர் வரும்போது மணி மூன்று. பதினேழு மணி நேரம் அவர் தொண்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை.

ஆண்டுகள் பல ஆகிவிட்டன. மறைத்துக்கொண்ட அந்த முந்தானை மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. தாயின் உதட்டை நனைப்பதை ஒரு மகள் எங்களிடமிருந்து ஒளித்துச் செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பயத்தை உண்டாக்கியவர்களில் நானும் ஒருவன். மயக்க மருத்துவர்களும் தியேட்டர், வார்டு செவிலியர்களும் படிக்கும் இந்த இதழில் இம்முறை தாகத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைத்ததற்கு அதுதான் காரணம்.

பசியையும் தாகத்தையும் நாம் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். உடம்புக்குள் அவை ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பசி அலை அலையாக வரும். 1912-இல் கேனனும் வாஷ்பர்னும் வயிற்றுக்குள் பலூனை இறக்கி, வயிற்றுத் தசை சுருங்கும் நேரத்தில்தான் பசி கிள்ளுகிறது என்று காட்டினார்கள். வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தில் கிரெலின் ஏறும். சாப்பிடாவிட்டாலும் சிறிது நேரத்தில் தானே இறங்கிவிடும். எட்டு மணிக்குக் கபகபவென்று எரிந்த வயிறு பத்து மணிக்கு அடங்கிப்போவதை விரதம் இருந்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். பசியைத் தாங்க உடம்பில் சேமிப்பு இருக்கிறது: கல்லீரலில் கிளைக்கோஜன், தோலடியில் கொழுப்பு.

தண்ணீருக்கு அப்படியொரு குதிர் கிடையாது. மூச்சில், வியர்வையில், சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும். ரத்தத்தின் ஆஸ்மோலாலிட்டி ஒன்று இரண்டு சதவீதம் உயர்ந்தாலே மூளை தாகத்தை எழுப்பிவிடும். எழுந்த தாகம் தண்ணீர் கிடைக்கும்வரை ஏறத்தான் செய்யும். 1950-களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் பெங்ட் ஆண்டர்சன் வெள்ளாடுகளின் ஹைப்போதலாமஸில் உப்புக் கரைசலைத் துளியளவு செலுத்தினார். நன்றாகக் குடித்து முடித்திருந்த ஆடுகளும் ஒரு நிமிடத்துக்குள் தண்ணீரைத் தேடிப் போய்க் குடிக்க ஆரம்பித்தன. ஆட்டுக்கும் மனிதனுக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. தாகம் எடுத்தவரிடம் "கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று நாம் சொல்லும்போது, அந்த இயக்கத்தோடு மல்லுக்கட்டச் சொல்கிறோம்.

"டிரிப் போகுதே, அப்புறம் எதுக்குத் தாகம்?" என்று வார்டில் கேட்கிறோம். இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லியாக வேண்டும். நார்மல் சலைன் ரத்தத்துக்குச் சமமான அடர்த்தியில் தயாரிக்கப்பட்டது. ரத்த அளவைக் கூட்டும். ரத்தத்தின் அடர்த்தியைக் குறைக்காது. அடர்த்தியால் எழுந்த தாகம் அதனால் தணியாது. இன்னொன்றும் உண்டு. தாகம் தணிவது வாயிலும் தொண்டையிலும் தொடங்குகிறது. தாகத்தோடு இருக்கும் விலங்கு தண்ணீர் குடித்ததும், அந்தத் தண்ணீர் ரத்தத்தில் கலப்பதற்கு முன்பே வாசோபிரெசின் சுரப்பு குறையத் தொடங்கிவிடும். குளத்தில் வாய் வைத்த மாடு சில நிமிடங்களில் தலையை நிமிர்த்திக்கொள்வது இதனால்தான். கையில் ஏறும் பாட்டில் தொண்டையைத் தொடுவதே இல்லை. "டிரிப் போட்டும் நாக்கு ஒட்டுது" என்று நோயாளி சொன்னால், அவர் உடம்பு சரியாகத்தான் பேசுகிறது.

இவ்வளவு கெடுபிடி எங்கிருந்து வந்தது? 1946-இல் நியூயார்க்கில் மெண்டல்சன் எழுதிய கட்டுரை நமக்கெல்லாம் பாடம். 44,016 பிரசவங்களில் 66 பேருக்கு வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போயிருந்தது. இறந்தவர்கள் இருவர், இருவருக்கும் மூச்சை அடைத்தது திட உணவு. மூச்சுக்குழாயில் டியூப் போடாமல், முகத்தில் மாஸ்க் வைத்து ஈதர் கொடுத்த காலம் அது. அந்தக் கட்டுரை எழுப்பிய பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயம் சோற்றையும் தண்ணீரையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டது. அந்தக் கட்டுரைக்கு அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1883-இல், ஜோசப் லிஸ்டர் இரண்டையும் பிரித்தே எழுதியிருந்தார்: வயிற்றில் திட உணவு இருக்கக் கூடாது, ஆனால் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு ஒரு கோப்பைத் தேநீர் கொடுக்கலாம் என்று. வெறும் தண்ணீர் குடித்தால் அதில் பாதி இருபது நிமிடம் போல ஆவதற்குள் வயிற்றை விட்டு இறங்கிவிடும். 1986-இல் கனடாவில் மால்ட்பியும் உடன் பணியாற்றியவர்களும், அறுவை சிகிச்சைக்குச் சுமார் இரண்டரை மணி நேரம் முன்பு 150 மில்லி தண்ணீர் குடித்தவர்களின் வயிற்றில், பட்டினி கிடந்தவர்களைவிட அதிக நீர் தேங்கவில்லை என்று காட்டினார்கள்.

அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் 1999-இல் விதியை எழுதியே வைத்துவிட்டது: தெளிந்த நீருக்கு 2 மணி, தாய்ப்பாலுக்கு 4 மணி, லேசான உணவுக்கு 6 மணி. பால் கலக்காத கடுங்காப்பி இரண்டு மணிக் கணக்கு. நம் ஊர்ப் பால் டீ ஆறு மணிக் கணக்கு. குழந்தைகளுக்குத் தெளிந்த நீரை ஒரு மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம் என்று ஐரோப்பியக் குழந்தை மயக்க மருத்துவ அமைப்புகள் 2018-இல் சொல்லிவிட்டன. தேர்வு எழுதும்போது இவற்றை நாம் எல்லோரும் சரியாக எழுதினோம். வார்டில் மட்டும் இன்னமும் "பச்சத் தண்ணி கூட" என்கிறோம்.

காரணம் எனக்குத் தெரியும். லிஸ்ட் எப்போது மாறும் என்று யாருக்கும் தெரியாது. எட்டு மணி கேஸ் நின்றுபோனால் பதினோரு மணிக்காரரை முன்னே இழுக்க வேண்டும்; அவர் தண்ணீர் குடித்திருந்தால் தியேட்டர் காத்திருக்க வேண்டும். ஆக, எல்லோரையும் காயப் போடுவது நமக்கு வசதி. அந்த வசதிக்கான விலையை நாம் கொடுப்பதில்லை.

அதிகம் கொடுப்பவர்கள் முதியவர்கள். 1984-இல் ஃபிலிப்ஸும் குழுவினரும் இளைஞர்களையும் ஆரோக்கியமான முதியவர்களையும் 24 மணி நேரம் தண்ணீரின்றி வைத்துப் பார்த்தார்கள். முதியவர்களின் ரத்தம் அதிகம் இறுகியிருந்தது. தாகமோ அவர்களுக்குக் குறைவாகவே தெரிந்தது. பிறகு தண்ணீர் கொடுத்தபோதும் குறைவாகவே குடித்தார்கள். எழுபது வயதுக்காரர் "தாகம் இல்லப்பா" என்றால் அதை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. நாக்கைப் பாருங்கள், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். அறுவை முடிந்த இரவில் ஒரு முதியவர் பிதற்றினால், மருந்துப் பட்டியலைப் புரட்டும்போதே அவர் கடைசியாக எப்போது குடித்தார் என்றும் கேளுங்கள். தாகம் குறைவாகத் தெரியும் வயதில் அந்தப் பாட்டி தண்ணீர் கேட்டுக் கெஞ்சினார் என்றால், அவர் உடம்பு எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும் என்பதை அன்று நான் யோசிக்கவில்லை.

பிரசவ வார்டில் வேறு சிக்கல். சிசேரியன் முடிந்து நாம் அனுமதித்த பிறகும், "பச்ச உடம்பு, தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். அன்பினால் செய்வது அது. அவர்களைக் கடிந்து பயனில்லை. மாமியாரையும் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, தாய்க்கு நீர் குறையக் கூடாது என்று செவிலியர் ஒருவர் ஐந்து நிமிடம் பேசினால் டம்ளர் தானாகக் கைக்கு வரும்.

இரண்டு மணி விதி எல்லோருக்கும் பொருந்தாது. குடல் அடைப்பு, அவசர அறுவை, நீண்டகாலச் சர்க்கரை நோயால் வயிறு மந்தமானவர்கள், செமாகுளுடைடு போன்ற ஊசி போட்டுக்கொள்பவர்கள், இவர்களிடம் கவனம் வேண்டும். விதிவிலக்கு யார் என்று முந்தின மாலையே பெயர் குறித்து வைத்தால், மற்றவர்களைக் காயப் போட வேண்டியதில்லை.

நாங்கள் இப்போது லிஸ்டில் நேரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டிருக்கிறோம்: "தண்ணீர் எத்தனை மணி வரை". கேஸ் தள்ளிப்போனால் தியேட்டர் சிஸ்டர் வார்டுக்குப் போன் செய்து அந்த நேரத்தை மாற்றிச் சொல்கிறார். தொடக்கத்தில் மறந்துபோனது, லிஸ்ட் குழம்பும் நாளில் இன்றும் மறக்கிறது. பிரிட்டனில் சில மருத்துவமனைகள் இன்னும் ஒரு படி மேலே போய், தியேட்டருக்கு அழைக்கும்வரை சிறு மடக்குகளாகக் குடிக்க விடுகின்றன. நாங்கள் அங்கே இன்னும் போகவில்லை.

ரிகவரி அறையில் ஒரு சிறு ஃபிரிட்ஜ் வாங்கி வைத்தோம். உள்ளே குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய ஸ்பிரே பாட்டில்கள், நனைத்த காஸ் துண்டுகள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இவை தாகத்தின் கடுமையைக் குறைக்கின்றன என்று 2014-இல் புண்டில்லோவின் குழு காட்டியதைப் படித்துச் செய்தது. நன்றாக விழித்து, விழுங்க முடிந்தவர்களுக்கு டம்ளரே கொடுக்கிறோம். போன வாரம் ஹெர்னியா அறுவை முடிந்த ஒருவர் கண் திறக்கும் முன்பே உதட்டைப் பிரித்தார். சிஸ்டர் இரண்டு முறை அழுத்தினார். நாக்கு வெளியே வந்து உதட்டோரத்தில் நின்ற துளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனது. பக்கத்தில் நின்ற அவர் மனைவி சேலைத் தலைப்பால் அவர் மோவாயைத் துடைத்துவிட்டார்.