மூன்று பீரங்கிகள், மூன்று வேலைகள்



தொலைக்காட்சியில் போர்ச் செய்தி வரும்போது, "பீரங்கித் தாக்குதல்" என்று ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, "எதுப்பா பீரங்கி? தோளில் தூக்கிப் போறாங்களே அதுவா, லோரி முதுகிலிருந்து பறக்குதே அதுவா?" என்று கேட்டால் நாம் விழிக்க வேண்டியிருக்கிறது. இரண்டும்தான். நடுவில் இன்னொன்றும் உண்டு. மூன்றையும் இன்று பார்ப்போம்.

மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று. துப்பாக்கிக்காரன் கண்ணுக்குத் தெரிவதைச் சுடுகிறான். இவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாததை, மேட்டுக்கும் காட்டுக்கும் அப்பால் இருப்பதைத் தாக்குகின்றன. முன்னால் ஒருவர் பதுங்கியிருந்து இடத்தைப் பார்த்துச் சொல்வார். பின்னால் இருப்பவர்கள் கணக்குப் போட்டுச் சுடுவார்கள். இப்போது அந்தப் பார்வை வேலையை டிரோன்களும் செய்கின்றன.

முதலாவது மோர்ட்டார். ஆங்கிலத்தில் நம் வீட்டு உரலுக்கும் இதே பெயர்தான். பழைய காலத்து மோர்ட்டார் குட்டையாக, வாய் அகன்று, உரல் போலவே இருந்தது. இன்றைய மோர்ட்டாருக்கு முன்னோடி, முதல் உலகப் போரின்போது 1915-இல் வில்பிரட் ஸ்டோக்ஸ் என்ற ஆங்கிலேயர் அமைத்தது. ஒரு குழாய், மண்ணில் பதிய ஒரு தட்டு, முட்டுக்கொடுக்க இரண்டு கால், அவ்வளவுதான். குழாயின் வாயில் குண்டைப் போட்டால் அது வழுக்கி இறங்கி, அடியிலுள்ள ஊசியில் மோதும். மருந்து பற்றிக்கொள்ள, வந்த வழியே வானத்தை நோக்கிப் பாயும். உயரே ஏறித் தலைக்கு நேராக இறங்குவதால், பதுங்கு குழியில் இருப்பவரையும் எட்டிவிடும். 81 மில்லிமீட்டர் மோர்ட்டாரைப் பிரித்துச் சில பேர் சுமந்தே போகலாம். அது எட்டும் தூரம் ஐந்து கிலோமீட்டர் சொச்சம், நம் கணக்கில் மூன்று கட்டைக்குச் சற்று மேல். நடந்து போகும் சிப்பாய்க்கு உடனே கைகொடுப்பது இதுதான்.

இரண்டாவது ஹவிட்சர். சக்கரம் வைத்த நீண்ட பீரங்கி என்று நாம் மனத்தில் நினைக்கிறோமே, அது. பின்புறமாகக் குண்டைத் திணித்துச் சுடுவார்கள். மருந்தைக் கூட்டியும் குறைத்தும், குழலை உயர்த்தியும் தாழ்த்தியும் தூரத்தை மாற்றலாம். 155 மில்லிமீட்டர் குண்டு ஒன்று நாற்பது கிலோவுக்கு மேல். நல்ல ஆள் ஒருவர் தூக்குகிற அரிசி மூட்டையின் கனம். அமெரிக்காவின் எம்-777 ஹவிட்சர் அதைச் சாதாரணமாக 24 கிலோமீட்டர், அதாவது 15 கட்டை தூரம் எறியும். நாள் முழுக்க ஓயாமல் அடித்து, எதிரியைத் தலைதூக்க விடாமல் செய்வது இதன் வேலை.

நம் பெரியவர்களுக்கு இந்தச் சத்தம் புதிதல்ல. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், மலாயாக் காடுகளுக்குள் 25 பவுண்டர் பீரங்கிகளால் சுட்டார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகளாக இருந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது ராக்கெட் பீரங்கி. இதற்குத் தடித்த குழல் தேவையில்லை. குண்டு தன் எரிபொருளைத் தானே எரித்துக்கொண்டு பறக்கிறது, தீபாவளி வாணம் போல. ஆகவே ஒரு லோரியிலேயே பலவற்றை அடுக்கலாம். 1941-இல் ரஷ்யர்கள் கொண்டுவந்த கத்யூஷா 16 ராக்கெட்டுகளைச் சில விநாடிகளில் கொட்டியது. அன்று குறி துல்லியமில்லை. இன்றைய ஹைமார்ஸ் லோரியின் ஆறு ராக்கெட்டுகளும் செயற்கைக்கோள் வழிகாட்ட 70 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, குறித்த கட்டடத்திலேயே விழும். அதே லோரியில் ஒற்றை ஏவுகணை ஏற்றினால் 300 கிலோமீட்டர்! கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு நேர்கோட்டுத் தூரம். ஆனால் விலை? ஒரு ராக்கெட்டே ஒரு லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல். அதனால் சாதாரணப் பதுங்கு குழிக்கு இதை வீணாக்க மாட்டார்கள். பாலம், ஆயுதக் கிடங்கு, தலைமையகம் ஆகியவையே இதன் குறி. மலேசியப் படையிடம் பிரேசில் நாட்டு ஆஸ்ட்ரோஸும், சிங்கப்பூர்ப் படையிடம் ஹைமார்ஸும் இருக்கின்றன.

இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும்? உக்ரேனின் கெர்சோன் நகரத்தைப் பாருங்கள். 2022 மார்ச்சில் ரஷ்யப் படை அதைப் பிடித்தது. ஜூலையில் உக்ரேனியர்கள் அருகிலுள்ள அந்தோனிவ்கா பாலத்தை ஹைமார்ஸால் திரும்பத் திரும்ப அடித்தார்கள். ஆற்றைத் தாண்டிச் சாமான் வருவது திண்டாட்டமாயிற்று. நவம்பரில் ரஷ்யர்கள் மறுகரைக்குப் பின்வாங்கினார்கள். நகர மக்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள். ஆனால் மறுகரை பக்கத்தில்தானே இருக்கிறது? அங்கிருந்து பீரங்கிக் குண்டுகளும், மோர்ட்டார் குண்டுகளும் சந்தையிலும் வீடுகளிலும் விழத் தொடங்கின. பொதுமக்கள் பலர் மாண்டார்கள். பாலத்தை உடைக்கும் கணக்கு படைக்காரனுக்குத் தெரியும். அடுப்பில் உலை வைத்துவிட்டு வெளியே போன தாய்க்கு எந்தக் கணக்கும் தெரியாது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. விழுந்த குண்டெல்லாம் வெடிப்பதில்லை. மண்ணுக்குள் புதைந்து, பல்லாண்டு கழித்தும் உயிரோடு கிடக்கும். 2023 செப்டம்பரில் சிங்கப்பூரின் அப்பர் புக்கிட் தீமாவில் கட்டுமான வேலையின்போது, இரண்டாம் உலகப் போர்க் காலத்து 100 கிலோ வான்குண்டு ஒன்று அகப்பட்டது. சுற்றிலும் இருந்த ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றிவிட்டு அதை வெடிக்கச் செய்தார்கள். போர் முடிந்து 78 ஆண்டுகள் ஆகியும் அந்தக் குண்டுக்குப் போர் முடியவில்லை!

ஆகவே, செம்பனைக் காட்டிலோ, ஆற்றோரத்திலோ, மறுநடவுக்குத் தோண்டும் இடத்திலோ துருப்பிடித்த உருண்டை இரும்பு, வால் வைத்த இரும்பு எதையாவது கண்டால், பழைய இரும்புக்குப் போடலாம் என்று கை வைக்காதீர்கள். தட்டிப் பார்க்க வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம். அடையாளம் வைத்துவிட்டு விலகிப் போலீசுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் இன்றே சொல்லிவையுங்கள்.