மருந்தா, தாய்ப்பாலா என்று எங்கள் தாய்மாரைக் கேட்காதீர்கள்



“இரத்தம் நிக்கிற மாத்திரை குடிக்கிறியா? அப்ப புள்ளைக்குப் பால் குடுக்காத.” இந்தப் பேச்சு லயத்து வாசலிலும் கேட்கிறது, சில இடங்களில் மருந்து கொடுக்கும் யன்னலிலும் கேட்கிறது. அதைக் கேட்ட தாய் என்ன செய்கிறாள்? மாத்திரையை அலமாரியில் போட்டுவிட்டு, பெரும்பாட்டோடு கூடையைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறாள். அல்லது பாலை நிறுத்திவிட்டு, பால்மாவுக்குக் கடைக்காரரிடம் கடன் சொல்கிறாள். இந்த இரண்டு துன்பமும் தேவையே இல்லாதவை.

நாம் பேசுவது ட்ரனெக்ஸாமிக் அசிட் என்ற மருந்தைப் பற்றி. காயத்தில் உறைந்த இரத்தம் மறுபடி கரைந்து போகாமல் இது காக்கிறது. கனத்த மாதவிலக்குக்கு மாத்திரையாகவும், பிரசவத்துக்குப் பின் வரும் பெரும் இரத்தப்போக்குக்கு நரம்பில் ஏற்றும் ஊசியாகவும் கொடுக்கிறார்கள்.

இது தாய்ப்பாலில் கலக்குமா? கலக்கும். எவ்வளவு? தாயின் இரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. இந்த மருந்தை எடுத்தபடி பால் கொடுத்த 21 தாய்மாரின் பிள்ளைகளை இஸ்ரேல் நாட்டு வைத்தியர்கள் பின்தொடர்ந்து பார்த்து 2014இல் எழுதினார்கள். மருந்தால் வந்த கேடு எதையும் அவர்கள் காணவில்லை. 21 பேர் சிறிய தொகைதான். ஆனால் பிள்ளை ஆரோக்கியமாக இருந்தால் இந்த மருந்தை எடுத்துக்கொண்டே பால் கொடுக்கலாம் என்று பிரித்தானிய தேசிய சுகாதார சேவையும் தன் மக்களுக்குச் சொல்கிறது. லண்டன் தாய்க்குச் சொல்லப்படுவது மஸ்கெலியாத் தாய்க்கு ஏன் சொல்லப்படவில்லை? எங்கள் கேள்வி இதுதான்.

இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உதாகோ ஒகமோதோ என்ற பெண் வைத்தியரும் அவருடைய கணவர் ஷோசுகேயும். 1962இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். பிள்ளையைப் பார்க்க ஆளில்லாததால் உதாகோ தன் மகளை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். பிரசவத்தில் இரத்தம் போய்ச் சாகும் தாய்மாரைக் காப்பதே அவர்களின் நோக்கம். ஆனால் அந்தத் தாய்மாரிடம் மருந்தைச் சோதித்துப் பார்க்க அவர்கள் ஊர்ப் பிரசவ வைத்தியர்கள் முன்வரவில்லை. 2016இல், 98 வயதில், உதாகோ காலமானார். அடுத்த ஆண்டுதான் 21 நாடுகளில் 20,060 தாய்மாரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் ஊசி கொடுத்தால், இரத்தப்போக்கால் வரும் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதே 2017இல் உலக சுகாதார நிறுவனமும் இதைக் கொடுக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. 15 நிமிடம் தாமதித்தால் பலனில் பத்தில் ஒரு பங்கு போய்விடும் என்பதும் பின்னர் தெரியவந்தது.

மேற்பிரிவு லயங்களில் இருப்பவர்களுக்கு 15 நிமிடத்தின் அர்த்தம் தெரியும். குண்டும் குழியுமான பாதை, ராத்திரியில் லொறி தேடும் அலைச்சல், ‘துரையிடம் கேட்க வேண்டும்’ என்ற பதில் எல்லாமே அந்த 3 மணி நேரத்தைத்தான் தின்கின்றன. பிரசவத்துக்குப் பின் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி முழுதும் நனைந்தால், பெரிய கட்டிகள் விழுந்தால், தலை சுற்றினால், மாத்திரையைத் தேடாதீர்கள், காலை வரை காத்திருக்காதீர்கள். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

பால் கொடுக்கலாம் என்றால் மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்கலாம் என்று அர்த்தமில்லை. கால் நரம்பிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டியவர்கள், வலிப்பு வந்தவர்கள், சிறுநீரக நோயுள்ளவர்கள், குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை குடிப்பவர்கள் அதை வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டும். பிள்ளை குறைமாதத்தில் பிறந்திருந்தாலும், சுகமில்லாமல் இருந்தாலும் சொல்ல வேண்டும். மாதவிலக்குக்கு இது வழக்கமாக நாலைந்து நாள் மாத்திரைதான். பக்கத்துக் காம்பராவில் கடன் வாங்கிக் குடிக்கும் மாத்திரை அல்ல. போன இரத்தத்தையும் இது திருப்பித் தராது. அதற்கு இரத்தப் பரிசோதனையும் இரும்புச்சத்தும் வேண்டும்.

இவ்வளவையும் ஒரு தாய்க்கு அவள் மொழியில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம்தான் எங்களுக்குக் கிடைப்பதில்லை. பெட்டிக்குள் இருக்கும் தாள் ஆங்கிலத்தில், உறையில் எழுதுவது கிறுக்கலில். “எதுக்கும் பாலை நிப்பாட்டு” என்பது சொல்பவருக்குச் சுலபம். அதன் விலையைக் கொடுப்பது பிள்ளை.

தோட்ட நிர்வாகங்களுக்கும் இதில் பங்குண்டு. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு நாளுக்கு இரண்டு இடைவேளை கொடுக்கச் சொல்கிறது 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். பிள்ளை மடுவம் இருந்தால் தலா 30 நிமிடம், இல்லாவிட்டால் தலா ஒரு மணி நேரம். அந்த நேரத்தைக் கொடுக்காமல் கொழுந்தின் நிறையை மட்டும் கேட்பவர்கள், “தாய்ப்பாலே சிறந்தது” என்ற சுவரொட்டியை மடுவத்தில் ஒட்டுவது யாரை ஏமாற்ற?

ஆகவே நாம் கேட்கிறோம்:

பால் கொடுக்கும் தாய்க்கு மருந்து கொடுக்கும்போது, பால் கொடுக்கலாமா இல்லையா என்பதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். தமிழும் 1987 முதல் இந்த நாட்டின் அரசகரும மொழி.

ஒவ்வொரு பிரிவிலும் இரவில் வாகனம் ஆயத்தமாக இருக்கட்டும். அம்புலன்ஸ் லயம் வரை வரும்படி பாதையைச் செப்பனிடுங்கள்.

பால் கொடுக்கும் இடைவேளைக்காக எந்தத் தாயின் பேரையும் அரைப் பேராக்காதீர்கள்.

தாய்மாரே, இனி யாராவது “பாலை நிறுத்து” என்றால் சும்மா வந்துவிடாதீர்கள். “ஏன்?” என்று கேளுங்கள். “இந்த மருந்துக்குப் பாலை நிறுத்தத்தான் வேண்டுமா, வைத்தியரைக் கேட்டுச் சொல்லுங்கள்” என்று நின்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் தோட்டத் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ சொல்லுங்கள். அடுத்த முறை நாமும் உங்களோடு வந்து அந்த யன்னலில் நிற்போம்.