எல்லாத் தொழிலும் எல்லாக் குழந்தைகளுக்கும்

கும்பகோணம் வட்டாரத்துப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் இவ்வட்டாரத்துப் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கூடி விடுக்கும் வேண்டுகோள்:

நாம் உண்பதும் உடுப்பதும் பிரயாணம் செய்வதும் எவருடைய உழைப்பினால் என்பதை அறியாமலே நம் குழந்தைகள் பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறுகிறார்கள். மனித உழைப்பின் பிரதான துறைகள் பலவும் நடந்துசென்று காணும் தொலைவிலேயே நடைபெறும் இப்பிரதேசத்தில் இந்நிலைமை நீடிப்பது மிகவும் வருந்தத்தக்கது.

சுவாமிமலையில் ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து விக்கிரகத்தின் உருவைச் சமைத்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி உலர்த்தி, சூட்டில் மெழுகை உருக்கி வடித்தபின் அவ்விடத்தில் உலோகக் குழம்பை வார்க்கிறார்கள். ஒரு விக்கிரகத்துக்காக உடைத்த அச்சு மறுமுறை உதவாது. நாச்சியார்கோயிலில் பித்தளைக் குத்துவிளக்குகள் உருவாகின்றன. திருபுவனத்தில் பட்டுத் தறிகள் ஓடுகின்றன. சுற்றிலும் குறுவை, சம்பா, தாளடி என்று நெல் விளைகிறது. அந்நெல்லை வாங்கும் கொள்முதல் நிலையங்களும், அரைக்கும் ஆலைகளும், சரக்கைச் சுமந்து செல்லும் ரயிலும் லாரியும், விற்கும் கடைவீதியும், இவை அனைத்தும் இயங்க ஊரைச் சுத்தமாக வைத்திருக்கும் தூய்மைப் பணியாளர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

கைத்தொழிலை மையமாகக் கொண்ட கல்வியை 1937-ஆம் ஆண்டு வார்தா மாநாட்டில் காந்தியடிகள் தேசத்தின் முன் வைத்தார். பின்னர் 1953-இல் சென்னை ராஜ்யத்தில், பள்ளி நேரத்தைக் குறைத்து எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்று வகுக்கப்பட்ட திட்டம், பிறப்போடு வரும் தொழிலிலேயே அவர்களைப் பிணித்துவிடும் என்ற நியாயமான அச்சத்தினால் பெரும் எதிர்ப்புக்கு உள்ளாகி, மறு ஆண்டே கைவிடப்பட்டது. அந்த அனுபவத்தை மனத்தில் இருத்தியே நாங்கள் பேசுகிறோம். நாங்கள் கோருவது அதற்கு நேர்மாறானது: நெசவாளர் வீட்டுப் பெண் வார்ப்புப் பட்டறையையும், வணிகர் வீட்டுப் பையன் நாற்றங்காலையும், உழவர் வீட்டுப் பிள்ளை ரயில் நிலையத்தையும் கண்டு, கேட்டு, அறிய வேண்டும். தகப்பனார் செய்யும் தொழிலை மட்டும் அறிந்த குழந்தைக்குத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இல்லை. எந்தத் தொழிலையுமே அறியாத குழந்தைக்கு உழைப்பவரிடம் மரியாதை பிறப்பதில்லை.

இதனால் பாடம் கெடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பாவின் இழைகளை எண்ணுகையில் கணிதமும், உலோகம் உருகுகையில் விஞ்ஞானமும், நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தை மிஞ்சினால் கொள்முதலில் ஏன் தடை நேர்கிறது என்று விசாரிக்கையில் பொருளாதாரமும் தாமே விளங்கும்.

ஆகையால், பட்டறை, தறிக்கூடம், ஆலை, வயல் ஆகியவற்றின் உரிமையாளர்கள் மாதம் ஒரு முற்பகல் மாணவர்களை வரவேற்று, தொழிலாளர்களையே ஆசான்களாக இருந்து விளக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். குழந்தைகளிடம் எவ்வித வேலையும் வாங்கலாகாது. உலைக்கும் இயந்திரத்துக்கும் அருகே அவர்களை விடலாகாது. பெற்றோர்கள் அந்நாளை வீண் என்று கருதாமல் பிள்ளைகளை அனுப்ப வேண்டும். மாநகராட்சியும் ஊராட்சிகளும் வாகன வசதி அளித்து உதவ வேண்டும். இசைவுள்ளவர்கள் தங்களுக்கு அருகிலுள்ள பள்ளித் தலைமையாசிரியரிடம், தங்களுக்குத் தோதான நாளைக் குறிப்பிட்டுப் பெயரைப் பதிவுசெய்துகொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
கும்பகோணம் வட்டாரத்துப் பெற்றோர்களும் ஆசிரியர்களும்