ட்ரூஸ்டுக்குக் கிழக்கே நல்ல கறி கிடைக்கும்

அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டிக்கு புராஜெக்ட் வேலையாகப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு, விமானம் ஏறும் முன்பே இரண்டு பட்டியல்கள் கையில் வந்துவிடும். ஒன்று, அங்கே ஏற்கெனவே குடியேறியிருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழு தருவது: இட்லி மாவு எங்கே, மளிகை எங்கே, எந்தக் கோயிலில் பொங்கல் கொடுப்பார்கள், எந்தக் கடையில் 'பீஃப் கலந்திருக்கும், பார்த்து'. இன்னொன்று இணையம் தருவது: நகரத்தின் தலைசிறந்த பத்து பார்பிக்யூ கடைகள், நட்சத்திரங்களோடு. முதல் பட்டியலின் சாதி நமக்குத் தெரிந்ததுதான். 'ப்யூர் வெஜ்' பலகையைக் கடல் தாண்டித் தூக்கிச் சென்றவர்கள் அதை அவ்வளவு சீக்கிரம் இறக்கி வைக்க மாட்டார்கள். நான் பேச வந்தது இரண்டாவது பட்டியலைப் பற்றி. அது பார்ப்பதற்கு அப்பாவியாக இருக்கிறது.

ஆறு வாரம் அந்த ஊரில் இருந்தேன். தங்கியது ஓவர்லேண்ட் பார்க் என்ற புறநகரில். கன்சாஸ் சிட்டி இரண்டு மாநிலங்களில் கிடக்கும் ஊர். பெரிய நகரம் மிசோரி மாநிலத்தில், ஐ.டி. அலுவலகங்களும் நல்ல பள்ளிக்கூடங்களும் நம்மவர்களும் நிறைந்த புறநகர்கள் கன்சாஸ் மாநிலத்தில். சனி, ஞாயிறு வந்தால் கடை கடையாகச் சாப்பிட்டேன். 18வது தெருவும் புரூக்ளின் அவென்யூவும் சந்திக்கும் இடத்துக்குப் போகிறேன் என்றதும் உடன் வேலை பார்த்த தமிழர் ஒருவர் சொன்னார்: "அந்தப் பக்கமா? ஏரியா சரியில்லையே."

இந்த வார்த்தையை நாம் எங்கெல்லாம் கேட்டிருக்கிறோம்! வியாசர்பாடி என்றால், கண்ணகி நகர் என்றால், ஊர்க்கோடியில் இருக்கும் காலனி என்றால் இதே மூன்று சொற்கள். சொல்பவர் ஒருநாளும் அங்கே கால் வைத்திருக்க மாட்டார். பத்தாயிரம் மைல் தள்ளி வந்தும் எந்தத் தெரு 'சரியில்லை' என்பதை ஒரு மாதத்துக்குள் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். சாதியில் பழகிய மூக்குக்கு நிறவெறியின் வரைபடம் உடனே பிடிபட்டுவிடும் போலிருக்கிறது.

அந்த வரைபடத்தில் ஒரு கோடு உண்டு. அதன் பெயர் ட்ரூஸ்ட் அவென்யூ. நகரத்தின் வடக்கிலிருந்து தெற்கே ஓடும் சாலை. கிழக்கே கறுப்பின மக்கள், மேற்கே வெள்ளையர் என்பது பல பத்தாண்டுகளாக அந்த ஊரின் எழுதாத சட்டம். உண்மையில் எழுதியே வைத்த சட்டமும் இருந்தது. ஜே.சி. நிக்கோல்ஸ் என்ற ரியல் எஸ்டேட் அதிபர் மேற்கே அழகழகான குடியிருப்புகளைக் கட்டி, கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது, வாடகைக்கும் விடக்கூடாது என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதி வைத்தார். அப்படிப்பட்ட பத்திரங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. கோடு அதனால் அழிந்துவிடவில்லை. நகரின் புகழ்பெற்ற நீரூற்றிலிருந்து நிக்கோல்ஸின் பெயரை எடுக்கவே 2020 வரை ஆனது.

நகரத்தின் பார்பிக்யூ பிறந்தது இந்தக் கோட்டுக்குக் கிழக்கே வாழ்ந்த மக்களின் கையில்.

பார்பிக்யூ என்றதும் நம் ஊர் ஹோட்டல்களில் மேசை நடுவே கம்பியில் குத்தி நிறுத்தும் பன்னீர்த் துண்டை நினைக்க வேண்டாம். இது மாட்டின் நெஞ்சுக்கறி, பன்றியின் விலா எலும்பு. ஹிக்கரி, ஓக் விறகின் புகையில், தீ நாக்கு தொடாமல், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கிடந்து வேக வேண்டும். கறி கடினமானது, விலை குறைந்தது. அதைப் பஞ்சாக்குவது நேரமும், நெருப்பை அறிந்த கையும். பூர்வகுடிகளிடமிருந்து வந்த இந்த முறையைத் தென் மாநிலங்களில் வளர்த்தெடுத்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். அரசியல் கூட்டமா, தேவாலய விருந்தா, சுதந்திர தினமா, குழி வெட்டி, விறகு பிளந்து, இரவெல்லாம் கண்விழித்து முழுப் பன்றியைப் புரட்டிப் போட்டது அவர்கள்தான். எசமானர் வீசிய மிச்சத்தைத் தின்று கண்டுபிடித்த உணவு என்று சிலர் இதைப் பரிதாபக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. நூறு பேர் விருந்துக்கு முழு விலங்கைச் சமைத்தவர்களின் தொழில் அறிவு அது. நம் மக்களின் உணவைப் பற்றியும் 'வறுமையில் தின்றது' என்ற ஒற்றை வரியோடு கதையை முடித்துவிடுகிறவர்கள் உண்டல்லவா, அதே ரகம்.

டென்னசியிலிருந்து வந்த ஹென்றி பேரி என்ற கறுப்பினத்தவர், 1908இல் கன்சாஸ் சிட்டியின் ஒரு சந்தில் சுட்ட கறியைச் செய்தித்தாளில் மடித்து 25 சென்டுக்கு விற்கத் தொடங்கினார். மாட்டுக்கறி மட்டுமல்ல, ரக்கூன், ஒப்போசம் எல்லாம் அவர் அடுப்பில் உண்டு. சந்து பின்னர் கடையானது. அவரிடம் வேலை பார்த்த சார்லி பிரையன்ட், 1940இல் பேரி இறந்தபின் தொழிலை எடுத்தார். சார்லியிடமிருந்து 1946இல் தம்பி ஆர்தர் பிரையன்ட்டுக்கு வந்தது. புரூக்ளின் அவென்யூவில் இன்றும் புகைந்துகொண்டிருக்கும் 'ஆர்தர் பிரையன்ட்ஸ்' அந்த வழிதான். அதே 1946இல் கேட்ஸ் குடும்பம் ஒரு பழைய பார்பிக்யூ கடையை வாங்கியது. கடையோடு சேர்ந்து வந்த சமையற்காரர் ஆர்தர் பிங்கார்ட், பேரியிடம் வேலை பார்த்தவர். இன்றைய 'கேட்ஸ்' கடைகளின் ருசிக்கு அவர் கைதான் தொடக்கம். ஆக, ஊரின் இரண்டு பெரும் பெயர்களும் ஒரே மனிதரின் அடுப்பிலிருந்து பற்றவைத்தவை.

சமைக்கும் கைக்கும் உட்கார்ந்து சாப்பிடும் உடம்புக்கும் நடுவில் அந்த நாடு எப்படிக் கோடு போட்டது என்பதற்கு, தெற்கே அலபாமா மாநிலத்தில் ஒரு பார்பிக்யூ கடை வழக்கே இருக்கிறது. பர்மிங்ஹாம் நகரில் 'ஆலிஸ் பார்பிக்யூ'. 220 பேர் உட்காரலாம். 36 ஊழியர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். ஆனால் கறுப்பின வாடிக்கையாளர் உள்ளே உட்கார முடியாது, பார்சல் மட்டும். 1964 ஜூலையில் குடிமை உரிமைகள் சட்டம் வந்ததும், நாங்கள் உள்ளூர்க் கடை, மத்திய அரசுக்கு இங்கே என்ன வேலை என்று கடைக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. காரணத்தைக் கவனியுங்கள். கடை ஓராண்டில் வாங்கிய உணவுப் பொருளில் 46 விழுக்காடு, வெளிமாநிலத்திலிருந்து வந்த இறைச்சி. அதனால் அது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம். அதனால் சட்டம் செல்லும். மனிதரின் கண்ணியம் உள்ளே நுழைய, இறைச்சி மாநில எல்லையைத் தாண்ட வேண்டியிருந்தது!

நம் அரசமைப்புச் சட்டம் இந்தச் சுற்றுவழியை வைக்கவில்லை. கடை, உணவகம், விடுதி என்று பெயர் சொல்லியே 15ஆவது பிரிவு பேசுகிறது. 1950இலேயே. ஆனாலும் இரட்டைக் குவளை எத்தனை ஊர்களில் எத்தனை காலம் இருந்தது, பிளாஸ்டிக் கப்பாக எப்படி உருமாறியது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். நிறவெறியும் சாதியும் ஒன்றே என்று நாம் அவசரமாக எழுதிவிடுகிறோம். பர்மிங்ஹாமின் வெள்ளையருக்குக் கறுப்பினக் கை சமைத்த கறியைத் தின்பதில் தயக்கமே இல்லை. பக்கத்து நாற்காலியில் கறுப்பினத்தவர் உட்கார்வதுதான் சிக்கல். நம் ஊரில் கையே தீட்டு. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் ஓர் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று ஆதிக்க சாதியினர் பூட்டுப் போடும் அளவுக்குப் போனார்களே, நினைவிருக்கிறதா? அங்கே உழைப்பைத் திருட அந்த உணவை உண்டார்கள். இங்கே அந்த உழைப்பைச் சாப்பாட்டு வடிவில் தொடக்கூட மறுக்கிறார்கள். எது கொடியது என்று தராசு வைக்க நான் வரவில்லை. இரண்டையும் எதிர்க்க இரண்டின் உள்வேலையும் தெரிய வேண்டும்.

கன்சாஸ் சிட்டிப் பட்டியலுக்குத் திரும்புவோம். பிரையன்ட்ஸும் கேட்ஸும் பட்டியல்களில் வராமல் இல்லை. வரும். 'பழம்பெருமை' என்ற தனி வகையில் வரும். கடைக்குப் போன அதிபர்களின் படங்கள், கால்வின் டிரில்லின் என்ற வெள்ளை எழுத்தாளர் 1970களின் தொடக்கத்தில் உலகத்திலேயே சிறந்த உணவகம் பிரையன்ட்ஸ்தான் என்று எழுதிய கதை, இவற்றோடு வரும். 'இன்று எங்கே போகலாம்' என்னும்போது நட்சத்திரங்கள் மேற்கே நகரும். வெளிச்சமான கூடம், கார் நிறுத்த இடம், உள்ளூர் பியர், மர மேசை. இவையெல்லாம் பணத்தால் வருவன. அந்தப் பணம் எங்கிருந்து வரும்? சிறு கடைக்காரருக்கு முதல் மூலதனம் பெரும்பாலும் சொந்த வீடு. வீட்டை அடமானம் வைத்துத்தான் இரண்டாவது கிளை. கோட்டுக்கு மேற்கே வீட்டு விலை ஏறிக்கொண்டே போனது. கிழக்கே வங்கிகள் கடனே தராமல் பகுதியைச் சிவப்பு மையால் சுற்றி வைத்தன. அதனால் நட்சத்திரம் கறிக்கு எவ்வளவு, அடமானப் பத்திரத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

வெட்டும் பலகையில் உதிரும் நெஞ்சுக்கறியின் கருகிய நுனிகளையே பாருங்கள். ஒருகாலத்தில் பிரையன்ட்ஸ் வரிசையில் நிற்பவர்கள் அவற்றை இலவசமாக எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். டிரில்லின் எழுதினார், புகழ் பரவியது. இன்று 'பர்ன்ட் எண்ட்ஸ்' நகரமெங்கும் தனித் தட்டு, தனி விலை. நம் குடல் கறியும் ரத்தப் பொரியலும் நட்சத்திர ஹோட்டல் மெனுவில் ஏறிய கதைதான். உணவு ஏறிவிடும். சமைத்தவர் கூடவே ஏறினாரா என்பதுதான் கேள்வி.

"சாப்பாட்டிலும் அரசியலா, நிம்மதியாகத் தின்னவிடு" என்பவர்களுக்கு: நிம்மதியாகத்தான் தின்றேன், நிறையவும் தின்றேன். கன்சாஸ் பக்கம் பெட்ரோல் பங்க் ஒன்றுக்குள் இருக்கும் 'ஜோஸ்' கடையிலும் தின்றேன். பார்பிக்யூ போட்டிகளிலிருந்து வந்த வெள்ளையினத் தம்பதி தொடங்கியது, கறி அருமை. யாரையும் புறக்கணிக்கச் சொல்லவில்லை. அதே கன்சாஸ் பக்கம் 'ஜோன்ஸ்' என்ற சிறிய கடை இருக்கிறது. தந்தையிடம் நெருப்பைக் கற்ற இரண்டு கறுப்பினச் சகோதரிகள் நடத்துவது. 2019இல் ஒரு நெட்ஃபிலிக்ஸ் நிகழ்ச்சி கேமராவோடு வந்த பிறகுதான் நாடு அவர்களைப் பார்த்தது. அதுவரை அவர்கள் விறகு எரியாமலா இருந்தது? கேமரா வராத கடைகள் இன்னும் உண்டு. பட்டியலை ஓரம் வைத்து, விறகு அடுக்கியிருக்கும் கடை எது, அடுப்பருகே நிற்பவர் யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். கேட்டால் ஆசையாகச் சொல்கிறார்கள்.

பிரையன்ட்ஸுக்கு மதியம் 12க்கு முன்பே போய்விடுங்கள். மேசைக்கு வந்து ஆர்டர் எடுக்க மாட்டார்கள், வரிசையில் நிற்க வேண்டும். கறியை வெள்ளை ரொட்டி மேல் அள்ளிப் போட்டு ஊறுகாயோடு நீட்டுவார்கள். சாஸ் புளிப்பும் காரமுமாக, நாக்கில் நறநறவென்று இருக்கும். புளிக்குழம்பில் வளர்ந்தவர்களுக்கு இரண்டாவது வாயிலேயே பிடித்துவிடும். கேட்ஸில் கதவைத் திறந்ததுமே கவுன்டரிலிருந்து "ஹாய், மே ஐ ஹெல்ப் யூ?" என்று ஒரு குரல் அதட்டும். பயப்பட வேண்டாம், நம் ஊர் மெஸ்களில் "என்ன வேணும், சொல்லு" என்பதன் அமெரிக்க வடிவம் அது. பிரையன்ட்ஸில் சாப்பிட்டு முடித்து அதே 18வது தெருவில் மேற்கே போனால், நீக்ரோ லீக் என்ற பழைய பெயரிலேயே கறுப்பின பேஸ்பால் வீரர்களின் அருங்காட்சியகம் வரும். ஹென்றி பேரி கடை நடத்திய 19வது தெரு, ஹைலேண்ட் அவென்யூ முனை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.