ரத்தத்துல இல்லீங்க, காலுல இருக்கு

போன வாரம் ராத்திரி மோட்டார் போட்டுட்டு வரப்புல உட்கார்ந்திருந்தப்ப சென்னையிலிருந்து கல்லூரி நண்பன் கூப்பிட்டான். நீரஜ் சோப்ரா பேச்சு வந்தது. "மாப்ள, உங்க ஊர்ப் பசங்களுக்கு இதெல்லாம் ரத்தத்துலயே இருக்குடா. மண்வெட்டி புடிச்ச கை. கையில ஈட்டிய குடுத்தா போதும், மெடல் தன்னால வரும்"னான். அவன் பாராட்டாத்தான் சொன்னான். எனக்கு சுருக்குன்னு கோபம் வந்திருச்சு. கிணத்து மோட்டார் சத்தத்துல சரியாச் சண்டை போட முடியலை. அதான் இங்கே எழுதறேன்.

முதல்ல இந்த "ரத்தத்துலயே இருக்கு"ங்கற பேச்சை எடுத்துக்கலாம். கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அதுக்கு உள்ளர்த்தம் என்னன்னா, சொல்லிக்கொடுக்கிறவனுக்கு அங்கே வேலை இல்லை, அதனால சம்பளமும் தேவையில்லை. கிராமத்தான் பலசாலி, பட்டணத்தான் புத்திசாலி. பலத்துக்கு எதுக்கு வாத்தியார்?

நீரஜ் பானிபட் பக்கம் காந்த்ரா கிராமத்து விவசாயி மகன், சரி. ஆனா பானிபட் மைதானத்துல ஈட்டியைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது யாரோ ஒரு ஆள்தானே? அப்புறம் உவே ஹோன் வந்தார். 1984-ல 104.80 மீட்டர் எறிஞ்ச ஜெர்மன்காரர். மைதானமே பத்தாமப் போயிடும்னு பயந்து, 1986-ல ஆண்கள் ஈட்டியோட எடைமையத்தையே முன்னாடி நகர்த்தி வச்சாங்க. அவருக்கு அப்புறம் கிளாவுஸ் பார்ட்டோனீட்ஸ், உடல் அசைவையே படிப்பாப் படிச்சவர். டோக்கியோ தங்கம் 87.58, பாரிஸ் வெள்ளி 89.45, ரெண்டும் அவர் கூட இருந்தப்ப வந்தது. 2025-ல தோஹாவுல 90 மீட்டரைத் தாண்டினப்ப கூட இருந்தவர் ஜான் ஜெலஸ்னி. 98.48 மீட்டர்னு இன்னிக்கும் உலக சாதனை வச்சிருக்கிறவர். ரத்தத்துலயே இருக்கிறதுக்கு இத்தனை வாத்தியார் எதுக்குங்க?

அன்னு ராணி கதையும் அப்படித்தான். மீரட் பக்கத்து விவசாயி மகள், கரும்பை எறிஞ்சு பழகினாங்கன்னு எல்லாரும் பகிர்ந்தோம். நானும்தான் பகிர்ந்தேன். ஆனா 2010 டெல்லி காமன்வெல்த்துல ஈட்டி எறிதல்ல வெண்கலம் வாங்கின காசிநாத் நாயக் அவங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்ங்கிறதை எத்தனை பேர் பகிர்ந்தோம்? கரும்பு ஞாபகம் இருக்கு, வாத்தியாரை மறந்துட்டோம்.

இப்ப எங்க சார் கதைக்கு வர்றேன். பேர் போட்டா அவருக்குப் பிடிக்காது. நான் தொண்ணூறுகள்ல படிச்ச அரசு உதவி பெறும் கல்லூரியில பிசிகல் டைரக்டர். எல்லாரும் பி.டி. சார்னுதான் கூப்பிடுவோம். 1986-ல வேலைக்குச் சேர்ந்தவர். தானே வட்டு எறிஞ்சவர்.

நான் சேர்ந்தப்ப எங்க ஊர்ல இளவட்டக்கல்லைத் தூக்கினவன்னு எனக்கு ஒரு திமிர் இருந்துச்சு. முதல் நாள் 7.26 கிலோ குண்டைக் கையில வாங்கி, மாங்காய்க்குக் கல் விடற மாதிரி விட்டேன். 9 மீட்டரைக் கொஞ்சம் தாண்டுச்சு, தோள்பட்டை ரெண்டு நாள் வலிச்சுது. சார் சிரிக்கலை. "தம்பி, இது எறியறதில்ல, தள்றது. தோளைத் தாண்டிப் பின்னால போனாலே ஃபவுல். நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு வா"ன்னார்.

வந்தேன். இருபது நாள் குண்டையே கண்ணுல காட்டலை. காலு, இடுப்பு, காலு, இடுப்பு. வட்டத்தோட பின்பக்கம் முதுகைக் காட்டி நின்னு, ஒத்தைக் காலால வழுக்கிட்டுப் போய் நடுவுல இறங்கணும். அந்த வட்டம் ஏழு அடி விட்டம்தான், 2.135 மீட்டர். அந்த ஏழு அடிக்குள்ள உடம்புல இருக்கிற அத்தனை வேகமும் பிறந்து விரல் நுனிக்கு வந்து சேரணும். கை கடைசியாத்தான் வேலை செய்யும். "உன் பலம் எல்லாம் தோள்ல இருக்குன்னு நெனைக்கிற. உன் பலம் குதிகால்ல இருக்கு"ம்பார். மூணு வருஷம் கழிச்சு நான் வெளியே வந்தப்ப 12.80. பெரிய தூரம் இல்லைதான். ஆனா அந்த மூணரை மீட்டர் என் ரத்தத்துல இல்லை. அது அவர் கொடுத்தது.

இஞ்சினியரா இருக்கிற உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 45 டிகிரியில விட்டா ரொம்ப தூரம் போகும்னுதானே பிசிக்ஸ் புத்தகம் சொல்லும்? குண்டுக்கு அது சரிவராது. அது தரையிலிருந்து கிளம்பறதில்லை, தலைக்கு மேல இருந்து கிளம்புது. அதோட, செங்குத்தாத் தள்ளத் தள்ள மனுஷனோட விசை குறைஞ்சிடும். அதனால 40-க்குக் கீழேதான் நல்ல கோணம். வட்டுக்கு எதிர்காத்துதான் நல்லது, ஓரளவு எதிர்காத்து தூக்கிக் கொடுக்கும். களத்துமேட்டுல நெல் தூத்தின எனக்கு காத்து தெரியும்னு நெனைச்சேன், அவர்கிட்டதான் புதுசா படிச்சேன். இதையெல்லாம் தெரிஞ்ச மனுஷனை எங்க கல்லூரி எதுக்கு உபயோகிச்சுதுன்னு கேளுங்க.

காலையில வருகைப் பதிவேடு. யூனிஃபார்ம் போடாதவனைப் பிடிக்கிறது. ஆண்டு விழாவுக்குப் பந்தல் மேற்பார்வை. மந்திரி வந்தா வரிசையில பசங்களை நிறுத்தறது. தேர்தல் வேலை. கிரிக்கெட், வாலிபால், கபடி, ஓட்டம் எல்லாத்துக்கும் அவர் ஒருத்தர்தான். எறிதல் பயிற்சி மட்டும் அவரோட சொந்த நேரம். காலை அஞ்சரையிலிருந்து ஏழரை வரைக்கும்.

வட்டு எறியக் கூண்டு வேணும். கை நழுவினா வட்டு எந்தப் பக்கம் போகும்னு சொல்ல முடியாது, ஆளையே கொன்னுடும். நிர்வாகம் காசு இல்லைன்னுட்டுது. சார் லாரியில லோடு மேல போடற பழைய கயித்து வலையை வாங்கி, தென்னங்கழி நட்டுக் கட்டினார். குண்டு கோயமுத்தூர்ல ஒரு லேத் பட்டறையில கடைஞ்சது. அதை மஞ்சள் மண்டித் தராசுல வச்சு எடை பார்த்தோம், ஏழே கால் கிலோவுக்கு மேல பத்து கிராம். மண்டிக்காரர் "இதென்னங்க, படிக்கல்லா?"ன்னு கேட்டார்.

அந்த லாரி வலைக்குள்ளேயிருந்து கிளம்பினவங்க பல பேர் இன்னிக்கு போலீஸ்லயும் ரயில்வேயிலயும் இருக்காங்க. பல்கலைக்கழகப் போட்டியில பதக்கம் வாங்கினப்ப எல்லாம் மறுநாள் பேப்பர்ல போட்டோ வரும். நடுவுல முதல்வர், பக்கத்துல செயலாளர். சார் ஓரத்துல பாதி வெட்டுப்பட்டு நிப்பார்.

அவர் ஓய்வு பெற்று வருஷக்கணக்காச்சு. அந்த இடத்தை நிரப்பவே இல்லை. இது எனக்கு இந்த மே மாசம்தான் தெரிஞ்சது. அதுக்கு நான் வெக்கப்படறேன்.

எங்க ஊர்ல ஒரு புள்ள இருக்கு. அதோட அம்மா எங்க காட்டுக்குக் களை எடுக்க வர்றவங்க. பிளஸ் டூ முடிச்சிருக்கு. மாவட்ட அளவுல 18 வயசுக்கு உட்பட்டவங்க போட்டியில குண்டு எறிதல்ல முதல் இடம். சேர்க்கை விசாரிக்க எங்க பழைய கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போனேன். விளையாட்டு ஒதுக்கீட்டுல இடம் உண்டுன்னாங்க, சந்தோஷம். "குண்டு எறிதலுக்கு யார் சொல்லிக் கொடுப்பாங்க?"ன்னு கேட்டேன். தொகுப்பூதியத்துல ஒரு தம்பி இருக்காராம், கிரிக்கெட் பார்த்துக்கிறாராம். பதினொரு மாசத்துக்கு ஒருக்கா ஆள் மாறுமாம். "அந்தப் பொண்ணுதான் ஏற்கெனவே நல்லா எறியுதே, அதுவா பிராக்டீஸ் பண்ணிக்கட்டும். மெடல் வாங்கினா ஃபீஸ்ல குறைச்சுக்கலாம்"னாங்க.

வெளியே வந்து எங்க பழைய வட்டத்தைத் தேடினேன். அது மேல டூவீலர் ஷெட் நிக்குது.

அந்தப் புள்ள "அதுவா" ஏன் பண்ண முடியாதுன்னு சொல்றேன். 18 வயசுக்குக் கீழே பெண்களுக்கு 3 கிலோ குண்டு. கல்லூரிக்கு வந்தா 4 கிலோ. கேக்க ஒரு கிலோதான். ஆனா மூணுல ஒரு பங்கு ஒரே நாள்ல ஏறுது. பழைய தூரம் வராது, மனசு உடையும், தூரத்தைப் பிடிக்கணும்னு கையை மட்டும் போட்டுத் தள்ளும், மணிக்கட்டும் முழங்கையும் போயிடும். நல்லா எறிஞ்ச பசங்க பள்ளிக்கூடத்தோட நின்னு போறது இந்த இடத்துலதான். பசங்களுக்கு இன்னும் மோசம், 5, 6, அப்புறம் 7.26. இந்த ரெண்டு மூணு வருஷம் நாத்துப் பிடுங்கி நடற காலம். அப்ப தண்ணி கட்ட ஆள் இல்லாம, அறுவடைக்கு மட்டும் அரிவாளோட நிக்கிறோம்.

நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியும். அரசாங்கம் ஸ்டேடியம் கட்டியிருக்கே, விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இருக்கே, விடுதி இருக்கேன்னு. இருக்கு, இல்லைன்னு சொல்லலை. 2024-ல கேலோ இந்தியா போட்டியையே இங்கே நடத்தினோம். ஆனா மாவட்ட ஸ்டேடியம் எங்க ஊர்ல இருந்து 42 கிலோமீட்டர். காலைல முதல் பஸ் ஆறு இருபதுக்கு. பயிற்சி முடிஞ்சு அந்தப் புள்ள எத்தனை மணிக்குக் கல்லூரிக்குப் போகும்? விடுதியில இடம் கிடைக்கிறது சில பேருக்கு. கல்லூரியில தினமும் நிக்கிற ஒரு வாத்தியார்தான் மீதிப் பேருக்கு.

"இதுல என்ன வேலை கிடைக்கும்?"னும் கேப்பீங்க. அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. ஆனா அதுக்குப் பதக்கம் வேணும், பதக்கத்துக்கு வாத்தியார் வேணும். வாத்தியாரை எடுத்துட்டு ஒதுக்கீட்டை மட்டும் வச்சா அது யாருக்குப் போகும்? தனியாக் காசு கொடுத்து பயிற்சி எடுக்க முடிஞ்ச வீட்டுப் பிள்ளைகளுக்கு.

பி.டி. உஷாவோட பயிற்சியாளர் நம்பியாருக்கு 1985-ல துரோணாச்சாரியார் விருது கொடுத்தாங்க, அந்த விருது ஆரம்பிச்ச வருஷம். பத்மஸ்ரீ வந்தது 2021-ல. அந்த வருஷமே இறந்துட்டார், எம்பத்தொம்போது வயசு. உஷாவை உருவாக்கினவருக்கே அவ்வளவு நேரம் ஆகுதுன்னா, போலீஸ்காரங்களையும் ரயில்வேக்காரங்களையும் உருவாக்கினவரை யார் தேடுவா? ஆனா எங்க சாருக்கு விருது வேணும்னு நான் கேக்கலை. அவர் உட்கார்ந்த நாற்காலியில இன்னொருத்தரை நிரந்தரமா உட்கார வைங்கன்னுதான் கேக்கறேன்.

கோபம் உங்க மேல மட்டும் இல்லை. நாங்களும் யோக்கியம் இல்லை. பையன் மைதானத்துக்குப் போனா "படிக்கிற வேலையப் பாரு"ன்னு திட்டற அப்பன் நாங்கதான். பொண்ணு குண்டு எறிஞ்சா தோள் அகலமாயிடும், மாப்பிள்ளை கிடைக்காதுன்னு பேசறதும் எங்க ஊர்த் திண்ணையிலதான். நானே சாரைப் பார்க்கப் போகாம பல வருஷம் இருந்துட்டேன், வீடு பதினெட்டு கிலோமீட்டர்ல இருந்தும்.

ஆனா உங்களால முடிஞ்சது ஒண்ணு இருக்கு. வருஷா வருஷம் முன்னாள் மாணவர் சங்கம்னு கூடறீங்க. நுழைவாயில் வளைவுக்கு லட்சக்கணக்குல கொடுக்கறீங்க, ஸ்மார்ட் வகுப்பறைக்குக் கொடுக்கறீங்க. அடுத்த தடவை போறப்ப மேடையில ஏறி மூணு கேள்வி கேளுங்க. பிசிகல் டைரக்டர் நிரந்தரமா, தொகுப்பூதியமா? குண்டு எறியற வட்டமும் வட்டு எறியற கூண்டும் எங்கே இருக்கு? காலை அஞ்சரை மணிக்கு அங்கே யார் நிக்கிறா? பதில் வர்ற வரைக்கும் வளைவுக்குக் காசு கொடுக்காதீங்க. நிர்வாகத்துக்கு எங்க பேச்சு கேக்காது, உங்க செக் கேக்கும்.

மே மாசம் அந்தக் கல்லூரியில இருந்து நேரா சார் வீட்டுக்குத்தான் போனோம். விஷயத்தைக் கேட்டார். முழங்கால் ரெண்டும் தேஞ்சு போச்சு, படி ஏற முடியலை. "காடு எங்கேயாவது சும்மா கெடக்குதா?"ன்னு மட்டும் கேட்டார்.

கடலை பிடுங்கின காட்டுல ஒரு ஓரத்தைச் சமன் பண்ணி, ஏழு அடிக்கு சிமெண்டு வட்டம் போட்டிருக்கேன். வாரம் மூணு நாள் விடியக்காலைல பைக்ல போய்க் கூட்டிட்டு வர்றேன். பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு "கண்ணு, கையை மறந்துடு, குதிகாலைத் திருப்பு"ன்னு சொல்லிட்டே இருக்கார். அந்தப் புள்ளையும் "சரிங்க சார்"னு சொல்லிட்டு மறுபடி பின்பக்கம் போய் நிக்குது. இன்னும் அதுக்குக் குண்டு கொடுக்கலை. பதினாலு நாள் ஆச்சு.

எந்தக் கல்லூரின்னு முடிவாகலை. எறிதல் தெரிஞ்ச நிரந்தர பி.டி. சாரும், பொண்ணுங்களுக்கு விடுதியும் இருக்கிற கல்லூரி உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. அறுபத்தெட்டு வயசு மனுஷனை இன்னும் எத்தனை வருஷம் நான் பைக்ல கூட்டிட்டு வர முடியும்?