பெயரும் பொருளும்

மகனுக்கு ‘ஸ்லாத்தான்’ என்று பெயர் வைக்கக் கணவர் ஆசைப்படுகிறார், மாமி ‘அது காபிர் பெயர்’ என்கிறார் என எழுதியிருக்கிறார் நாவிதன்வெளிச் சகோதரி ஒருவர்.

ஸ்லாவிய மொழிகளில் ‘ஸ்லாத்தோ’ என்றால் தங்கம். அதிலிருந்து வந்த பழைய ஆண்பெயர் இது. 1981இல் சுவீடனில் பிறந்த கால்பந்து வீரர் ஸ்லாத்தான் இப்ராஹிமோவிச்சின் தந்தை பொஸ்னிய முஸ்லிம், தாயார் குரோவேஷியர். இப்ராஹிமோவிச் என்றால் இப்ராஹீமின் மகன். துருக்கியர் ஆட்சியில் இஸ்லாத்தைத் தழுவிய பொஸ்னியர் தங்கள் மொழியை விடவில்லை. சீனித்தம்பி என்று பெயர் வைத்த நம் மூத்தவாப்பாமாரும் அப்படித்தானே!

பெயர் அரபியில்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. பொருள் நல்லதாயிருந்தால் போதும். மாமியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். ஆனால் கணவரிடமும் ஒன்று கேளுங்கள்: பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதை ‘ஷைத்தான்’ என்று திரித்துக் கூப்பிட்டால் என்ன செய்வார்? எனக்கு அந்தப் பயம்தான். அடுத்தது மகளென்றால் கவலையில்லை. பொன்னானவள் என்று பொருள்படும் ஸரீனா பாரசீகத்திலிருந்து வந்து நம் வீடுகளில் பழகிய பெயர்.