விட்டவன் பாவம், சிரிச்சவன் தான் பாவி

டிஸ்கி: சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க முடிச்சிட்டு கையைக் கழுவிட்டு வாங்க. விஷயம் குசு. ஆமாங்க, அதே தான். "வாயு பிரிதல்"னு எல்லாம் பம்மிப் பம்மி எழுதப் போறதில்ல.

நாலு பேர் இருக்கிற இடத்துல ஒருத்தருக்கு காத்து பிரிஞ்சிருச்சு. யார் வெக்கப்படணும்? நம்ம ஊர்ல பதில் ரெடியா இருக்கு: விட்டவர் தான். அப்படி இல்லைங்கறது என் கட்சி. மூக்கைப் பொத்திக்கிட்டு, கண்ணால ஜாடை காட்டி, பக்கத்துல இருக்கறவன் தொடையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறான் பாருங்க ஒருத்தன், அவன் தான் வெக்கப்படணும்.

முதல்ல கொஞ்சம் அறிவியல். ஆரோக்கியமா இருக்கற ஒரு ஆள் ஒரு நாளைக்கு 10லேர்ந்து 20 தடவை விடுறது சர்வ சாதாரணம். மொத்த அளவு சுமாரா அரை லிட்டர்லேர்ந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும். இதுல கொஞ்சம் நாம சாப்பிடும்போதும் பேசும்போதும் முழுங்குற காத்து. மிச்சம் பெருங்குடல்ல இருக்கற பாக்டீரியாக்களோட கைங்கர்யம். பருப்பு, கொண்டைக்கடலை, மொச்சை இதுல எல்லாம் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ்னு சில சர்க்கரைகள் இருக்கு. அதை உடைக்கிற என்சைம் நம்ம சிறுகுடல்ல கிடையாது. அதனால அப்படியே பெருங்குடலுக்குப் போகுது, அங்க பாக்டீரியா புளிக்க வைக்குது, வாயு உண்டாகுது. நைட்ரஜன், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்ஸைடு, சிலருக்கு மீத்தேன். இது எதுக்கும் வாசனையே கிடையாது. நாத்தம் வர்றது துளியூண்டு இருக்கற கந்தகச் சேர்மங்களால தான்.

ஆக காலைல இட்லி சாம்பார், மத்தியானம் கூட்டு, சாயங்காலம் சுண்டல்னு வெளுத்துக் கட்டுற ஊர்ல "நான் விடுறதே இல்ல"ன்னு ஒருத்தன் சொன்னா, ஒண்ணு அவன் புளுகுறான், இல்ல அவனை உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.

டாக்டர்னு சொன்னது சும்மா இல்ல. வயித்துல ஆபரேஷன் ஆனவங்ககிட்ட ரவுண்ட்ஸ் வர்றவங்க கேக்கற முக்கியமான கேள்வி "காத்து பிரிஞ்சுதா?" ஆபரேஷனுக்கு அப்புறம் குடல் கொஞ்ச நேரம் வேலைநிறுத்தம் பண்ணும். திரும்ப வேலைக்கு வந்ததுக்கு அடையாளமே அந்தக் காத்து தான். வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காத்தும் போகாம மலமும் போகாம இருந்தா குடல்ல அடைப்பு இருக்கலாம். அது எமர்ஜென்சி.

என் சித்தி பொண்ணுக்கு சிசேரியன் ஆனப்போ நர்ஸ் வந்து இதே கேள்வியைக் கேட்டாங்க. ரூம்ல மாமனார், கொழுந்தனார், குழந்தை பாக்க வந்த ஒண்ணுவிட்ட சொந்தம்னு ஒரு பஸ் கூட்டம். இவளுக்குப் பிரிஞ்சிருந்தது. ஆனா அத்தனை பேர் முன்னாடி எப்படி ஆமான்னு சொல்றது? "இல்ல"ன்னு தலையாட்டிட்டா. அன்னிக்கு ராத்திரியும் வெறும் கஞ்சித் தண்ணி. அடுத்த நாள் என் சித்திகிட்ட அழுதுக்கிட்டே சொல்லியிருக்கா. வயித்தைக் கிழிச்சு ஒரு உயிரை வெளிய எடுத்தவளுக்கு, ஒரு குசு விட்டேன்னு சொல்ற தைரியத்தை நாம கொடுத்து வைக்கல. இதே உல்டாவா, பிரியாத ஒருத்தர் கேள்வியிலேர்ந்து தப்பிச்சா போதும்னு "ஆச்சு"ன்னு சொல்லியிருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

இப்ப மேட்டருக்கு வர்றேன். "நாறுது, அதனால முகம் சுளிக்கிறோம்"னு சொல்றது சுத்த டுபாக்கூர். நம்ம பிரச்னை நாத்தமே இல்ல, யார் விட்டாங்கங்கறது தான். வீட்டுல தாத்தா ஈஸிசேர்ல சாஞ்சுக்கிட்டு டர்ருனு விட்டா "பாவம், வயசாச்சு". அப்பா விட்டா டிவி சவுண்டைக் கூட்டி வச்சிட்டு சீரியலைத் தொடருவோம். அதே ஹால்ல மருமகள் விட்டா? அடுத்த மூணு கல்யாணத்துக்கு அது தான் பேச்சு.

ஆபீஸ்லயும் அதே கதை. நான் முன்னாடி பொட்டி தட்டிக்கிட்டு இருந்த ஒரு இடத்துல, மீட்டிங் ரூம்ல மேனேஜர் விட்டார். சத்தமாவே. ஏசி ரூம், கதவு சாத்தியிருக்கு, பத்து பேர். ஒருத்தன் வாயைத் திறக்கணுமே! அத்தனை பேரும் லேப்டாப்பை அப்படி ஒரு பக்தியோட பார்த்தாங்க. ரெண்டு மாசம் கழிச்சு அதே ரூம்ல புதுசா சேர்ந்த ட்ரெயினி பையனுக்கு ஆயிருச்சு. மத்தியான சாப்பாட்டுக்குள்ள பட்டப்பேர் ரெடி. சாயங்காலம் வேற டீம்காரன் வந்து அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறான். பையன் எங்களோட சாப்பிட வர்றதை நிறுத்தினான், மீட்டிங்ல வாயைத் திறக்கறதை நிறுத்தினான், கடைசியில வேற ப்ராஜெக்ட் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டான்.

என் கேள்வி ரொம்ப சிம்பிள். மேனேஜர் விட்டப்போ கேக்காத மாதிரி இருக்கத் தெரிஞ்ச ஒன்பது பேருக்கு, ட்ரெயினி விட்டப்போ மட்டும் அந்த வித்தை எங்க போச்சு? நமக்கு நாகரிகம் தெரியாம இல்ல. நல்லாவே தெரியும். சம்பள உயர்வு யார் கையில இருக்கோ அவருக்கு மட்டும் எடுத்து வச்சிருக்கோம், அவ்வளவு தான்.

"அப்போ எல்லாரும் இஷ்டத்துக்கு விடலாமா, நடுவுல லிஃப்ட்ல கூடவா?"ன்னு கெளம்பி வருவீங்கன்னு தெரியும். எழுந்து ஓரமா போக முடிஞ்சா போயிட்டு வாங்க. வேணும்னே அடுத்தவன் மூஞ்சிக்கு நேரா விட்டு வெளையாடுறது ரவுடித்தனம், அதுக்கு நான் வக்காலத்து வாங்கல. ஆனா எல்லாராலயும் அடக்க முடியாது, எல்லா எடத்துலயும் எழுந்து போக முடியாது. குடல் ஆபரேஷன் ஆகி வயித்துல பை மாட்டியிருக்கறவங்களுக்கு, அந்தத் துவாரத்துல காத்தை நிறுத்துற தசையே கிடையாது. பிரசவத்துல கிழிசல் ஆன சில பொம்பளைங்களுக்கு அடக்குற பலம் போயிருது. விமானத்துல கேபின் அழுத்தம் கிட்டத்தட்ட 6,000லேர்ந்து 8,000 அடி உயரத்துல இருக்கற அளவுக்குக் குறையும். வயித்துல இருக்கற வாயு விரியும். சீட் பெல்ட் விளக்கு எரியுது, அந்த மனுஷன் எங்க போவார்?

"நம்ம கலாச்சாரத்துல..."ன்னு ஆரம்பிக்கறவங்களுக்கும் ஒண்ணு. அடக்கக் கூடாத பதினான்கு வேகங்கள்னு சித்த மருத்துவம் ஒரு பட்டியல் வச்சிருக்கு. பசி, தாகம், தும்மல், கண்ணீர் வரிசையில குசுவும் இருக்கு. ரோம்ல கிளாடியஸ்னு ஒரு பேரரசர். விருந்துல வெக்கப்பட்டு அடக்கி அடக்கி ஒருத்தர் உயிருக்கே ஆபத்தாயிருச்சுன்னு கேள்விப்பட்டு, சாப்பாட்டு மேஜையில விடலாம்னு ஆணை போட யோசிச்சாராம். சூட்டோனியஸ் எழுதி வச்சிருக்கார். இதுக்கு நேர் எதிரா 2011ல மலாவி நாட்டு நீதித்துறை அமைச்சர், புதுச் சட்டப்படி பொது இடத்துல விட்டா குத்தம்னு பேட்டி கொடுத்தார். அட, அது காத்து மாசு பத்தின சட்டம்யான்னு அவங்க அரசாங்க வக்கீலே மறுத்ததும் பின்வாங்கினார். அந்த அமைச்சர் சட்டம் போட்டுப் பண்ண நெனச்சதை நாம சட்டமே இல்லாம தினம் பண்ணிக்கிட்டு இருக்கோம்.

நான் கேக்கறது பெரிய புரட்சி எல்லாம் இல்ல. சத்தம் கேட்டா, பேசிக்கிட்டு இருந்த வாக்கியத்தை அப்படியே பேசி முடிங்க. நாத்தம் தாங்கலைன்னா எழுந்து போய் ஜன்னலைத் திறங்க, யார் முகத்தையும் பாக்காம. அடக்கி வேர்த்துப் போய் உக்காந்திருக்கறவங்க இருந்தா "வாங்க, டீ சாப்பிட்டு வரலாம்"னு பிரேக் விடுங்க. ஆஸ்பத்திரியில நர்ஸ் உள்ள வந்தா, சொந்தக்காரங்க எல்லாம் வெளிய வந்துருங்க. வீட்டுல சின்னப் பொண்ணு விட்டா "ச்சீ, பொம்பளப் புள்ள"ன்னு அதட்டாதீங்க. அந்த "ச்சீ" தான் இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு ஆஸ்பத்திரி கட்டில்ல வந்து "இல்ல"ன்னு தலையாட்டுது.

கும்ம வர்றவங்க தாராளமா கும்முங்க. ஆனா இன்னைலேர்ந்து ஒருதடவையும் விடாதவங்க மட்டும் :-)